யாருக்கு எந்த டெரிட்டரி? மருந்து விற்பனையில் பாரபட்சம் எண்ணாக மாறும் விதம்

2012ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வினோதமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெடிக்கல் ரெப் உண்மையில் எதையாவது விற்கிறாரா?

கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு ரெப்கள் தொடுத்த வழக்கு அது. டாக்டர்களைப் பார்ப்பதற்கு வாரத்தில் சுமார் 40 மணி நேரம் போகிறது. அதற்கு மேலும் கூட்டம், தயாரிப்பு, ஃபோன், மின்னஞ்சல் என்று 10 முதல் 20 மணி நேரம் ஓடுகிறது. அதற்கு ஓவர்டைம் கொடுங்கள் என்று கேட்டார்கள். வெளியே அலைந்து விற்பவருக்கு ஓவர்டைம் கிடையாது என்பது அங்குள்ள சட்டம். நாங்கள் விற்பதே இல்லையே என்பது ரெப்களின் வாதம். டாக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசுகிறோம், அவர் எழுதிப் பார்க்கிறேன் என்று தலையாட்டுகிறார், அதற்கு மேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். ரெப்களும் விற்பனையாளர்கள்தான் என்று தீர்ப்பானது.

ஓவர்டைம் விவகாரம் அத்தோடு முடிந்தது. ஆனால் 9 நீதிபதிகளில் 4 பேருக்கு வந்த அந்தச் சந்தேகம் ரொம்ப நியாயமானது. இந்தத் தொழிலில் பாரபட்சம் ஏன் இவ்வளவு சுலபமாக வேர்விடுகிறது என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பெட்டி மருந்து விற்றால் அது யாருடைய விற்பனை என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்காது. யாராவது ஒருவர் அதைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். மருந்து விற்பனையில் மேனேஜரின் நிஜமான அதிகாரம் இந்தப் பங்கு போடுவதுதான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது இங்கே அதட்டலிலோ திட்டுவதிலோ நடப்பதைவிட எக்செல் தாளில் நடப்பதுதான் அதிகம். வருடக் கடைசியில் அது ஒரு சதவீதமாக மாறி, திறமை என்ற பெயரில் திரையில் வந்து நிற்கும்.

டாக்டரின் மேஜைக்கும் கடையின் கல்லாவுக்கும் நடுவே

ரெப் பேசுவது டாக்டரிடம். எழுதுவது டாக்டர், கொடுப்பது கடைக்காரர், சாப்பிடுவது நோயாளி. பணம் கட்டுவது நோயாளியாக இருக்கலாம், காப்பீட்டு நிறுவனமாகவோ அரசாகவோ இருக்கலாம். இன்று பேசிய பேச்சு ஆறு மாதம் கழித்துச் சீட்டில் வரலாம். வரும்போது பேசிய ரெப் வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம், பலன் அடுத்து வந்தவர் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அமெரிக்காவில் எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதினார் என்ற தகவலையே காசு கொடுத்து வாங்கலாம். 1954ல் தொடங்கிய ஐஎம்எஸ் நிறுவனம் (இப்போது ஐக்யூவியா) இந்த வியாபாரத்தில் பெரிய பெயர். இதைத் தடுக்க வெர்மான்ட் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2011ல் ரத்து செய்தது. மற்றப் பல நாடுகளில் தனி டாக்டர் அளவில் தகவல் கிடைக்காது. சில கடைகளைச் சேர்த்து ஒரு கட்டமாக்கி, அந்தக் கட்டத்தின் மொத்த விற்பனையைத்தான் தருவார்கள். துறையில் அதற்குப் பெயர் பிரிக். அதுவும் இல்லாத இடத்தில், கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டின் கணக்குதான் கதி. கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போனது பிரைமரி, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைகளுக்குப் போனது செகண்டரி.

பெரிய மருத்துவமனை ஒன்று ஒரு ரெப்பின் எல்லைக்குள், அதாவது அவருக்கு ஒதுக்கப்பட்ட டெரிட்டரிக்குள், இருக்கிறது. அங்கே வரும் நோயாளிகளில் பாதிப் பேர் பக்கத்து எல்லையைச் சேர்ந்தவர்கள். சீட்டு இங்கே எழுதப்படுகிறது, மருந்து அங்கே வாங்கப்படுகிறது. இரண்டு எல்லைக்கும் சரக்குக் கொடுப்பது ஒரே ஸ்டாக்கிஸ்ட். அந்த ஸ்டாக்கிஸ்டின் விற்பனையை இருவருக்கும் எப்படிப் பிரிப்பது? 50-50 என்று சொல்லலாம், 70-30 என்று சொல்லலாம், இரண்டுக்குமே காரணம் காட்ட முடியும். மருத்துவமனை மொத்தமாக டெண்டரில் வாங்கினால் அது யார் கணக்கில் ஏறும்? மேனேஜர் சொல்கிறவர் கணக்கில் ஏறும். இதையெல்லாம் ஒரே சீராக முடிவு செய்யும் மேனேஜர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்யும்படி அவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

168 பெட்டியை எப்படிப் பிரிப்பது

டார்கெட்தான் இதில் ரொம்ப நுணுக்கமான ஆயுதம். ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரே மேனேஜரின் கீழ் இரண்டு ரெப்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் டெரிட்டரியில் போன வருடம் 1,000 பெட்டி போனது, இரண்டாமவருடையதில் 400. மொத்தம் 1,400. இந்த வருடம் 12 சதவீதம் வளர வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. அதாவது 168 பெட்டி கூடுதலாக, மொத்தம் 1,568. அந்த 168ஐ யார் தலையில் எவ்வளவு வைப்பது என்பதை மேனேஜர் பார்த்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் அதே 12 சதவீதம் என்றால் டார்கெட் 1,120ம் 448ம். ஆனால் மேனேஜர் முதலாமவருக்கு 60 மட்டும் ஏற்றி 1,060 வைக்கிறார். மீதி 108ஐ இரண்டாமவர் தலையில் வைக்கிறார். அவருக்கு 508. காரணம் கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கும்: உங்கள் டெரிட்டரியில் பொடென்ஷியல் (வளர வாய்ப்பு) இருக்கிறது. இந்தத் துறையில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ரெப் கிடையாது.

வருடம் முடிகிறது. முதலாமவர் 1,070 பெட்டி விற்றிருக்கிறார், 7 சதவீத வளர்ச்சி. இரண்டாமவர் 470, அதாவது 17.5 சதவீத வளர்ச்சி. ஆனால் டார்கெட்டில் எவ்வளவு எட்டினார்கள் என்ற பட்டியலில் முதலாமவர் 101 சதவீதம், இரண்டாமவர் 92.5. இன்சென்டிவ் என்ற ஊக்கத்தொகை தொடங்குவது 95ல் என்றால் ஒருவருக்குப் பணமும் மேடையும், மற்றவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல். அதே விற்பனையைச் சமமாகப் பிரித்த டார்கெட்டில் போட்டுப் பார்த்தால் முதலாமவர் 95.5, இரண்டாமவர் 105. வரிசையே தலைகீழ்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் டீமின் மொத்தம் 1,540தான், 98 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. மேலே உட்கார்ந்து டீம் மொத்தத்தை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு இந்த இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. பொய்க் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. தணிக்கைக்கு வந்தாலும் பிடிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் இது இன்னும் சிக்கலாகும். வளர்த்துக் காட்டியவருக்கு வளர்ந்த அளவிலிருந்தே புது டார்கெட் தொடங்கும். மூன்று வருடம் முட்டிமோதி ஒரு வறண்ட டெரிட்டரியை ஈரமாக்கினால், நான்காவது வருடம் எல்லைச் சீரமைப்பு என்று ஒன்று வரும். ஈரமான பகுதி பக்கத்து டெரிட்டரியோடு சேர்ந்துவிடும். பக்கத்தில் யார் இருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

டார்கெட் மட்டும் என்றில்லை, மேனேஜர் கையால் பங்கிடப்படுவது நிறைய இருக்கிறது. சாம்பிள், கருத்தரங்குக்கு டாக்டர்களை அழைக்கும் ஒதுக்கீடு, புது மருந்தை முதலில் கையில் எடுக்கும் வாய்ப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது தகவல். அடுத்த மாதம் எந்த மருந்து தட்டுப்பாடாகப் போகிறது, எந்தச் சலுகை வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னால் தெரிந்த ரெப்புக்கும் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து தெரிந்துகொண்ட ரெப்புக்கும் மாதக் கடைசியில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரு ஃபோன் அழைப்புக்கு எந்தத் தாளிலும் பதிவு கிடையாது.

எல்லோரும் மீறும் விதி

ரெப் தினமும் இத்தனை டாக்டர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு எண் இருக்கும், பல இடங்களில் பத்துக்குப் பக்கத்தில். அத்தனை டாக்டர்களும் அத்தனை நாளும் ரெப்பைப் பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை. வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே ஒன்றரை நிமிடம் நின்று திரும்புவது சாதாரணம். எனவே தினசரி அறிக்கையில் கொஞ்சம் நிரப்பல் இருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். மேனேஜரும் ரெப்பாக இருந்தபோது நிரப்பியவர்தான்.

இப்படி எல்லோரும் கொஞ்சம் மீறியே ஆகவேண்டிய விதி ஒன்று இருந்தால், அது பிடிக்காதவருக்கு எதிராக மட்டும் எடுக்கப்படும் கத்தியாக மாறிவிடும். வேண்டியவரின் அறிக்கையை யாரும் சரிபார்ப்பதில்லை. வேண்டாதவரின் அறிக்கையில் உள்ள டாக்டருக்கு நேரடியாக ஃபோன் போகும், ஜிபிஎஸ் பதிவு எடுத்துப் பார்க்கப்படும். தப்பு இருந்தது உண்மை, அதனால் நடவடிக்கையும் சட்டப்படி சரி. தப்பு செய்தவர்களில் ஏன் இவர் மட்டும் என்ற கேள்விக்குத்தான் பதில் இருக்காது.

ஜாயிண்ட் வொர்க் என்று சொல்லப்படும், மேனேஜர் கூடவே வரும் நாட்களிலும் இதே கதைதான். சொல்லிக் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல மேனேஜர் ஒருவரோடு இரண்டு நாள் டாக்டர்களைப் பார்த்தால் ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் கிடைக்காதது கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. மோசமான மேனேஜர் செல்லப்பிள்ளையோடு போகும்போது நல்ல டாக்டர்களாகப் பார்த்துப் போகிறார், மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொள்கிறார், அறிக்கையில் சிறப்பு என்று எழுதுகிறார். மற்றவரோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார், டாக்டர் முன்னாலேயே திருத்துகிறார், குறைகளைப் பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியல்கள் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆள் வெளியேறும்போது அந்தக் கோப்பு தயாராக இருக்கும்.

நிர்வாக ஆய்வாளர்கள் இதை 1970களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஒரு தலைவர் தன் கீழ் இருக்கும் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை, சீக்கிரமே ஒரு உள்வட்டமும் ஒரு வெளிவட்டமும் உருவாகிவிடுகின்றன என்பது 1975ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வின் மையக் கருத்து. 1998ல் இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். ஒரு ஊழியர் மோசம் என்று மேலதிகாரி முடிவு செய்தவுடன் அவரை நெருக்கமாகக் கண்காணிக்கத் தொடங்குகிறார். கண்காணிக்கப்படுபவர் தன்னம்பிக்கை இழந்து தானாக முடிவெடுப்பதை நிறுத்துகிறார். அதைப் பார்த்து, நான் அப்போதே நினைத்தேன் என்கிறார் மேலதிகாரி. சுழல் இறுகிக்கொண்டே போகிறது. மேனேஜர் கெட்ட எண்ணத்தோடு தொடங்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதுதான் இதில் எனக்குச் சங்கடமான விஷயம்.

வருடாந்திர மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடலாம். 2000ல் வெளியான ஒரு ஆய்வு, 4,000க்கு மேற்பட்ட மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களை அலசியது. மதிப்பெண்களில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் மதிப்பெண் போட்டவரின் சொந்தக் குணத்திலிருந்து வந்தது. மதிப்பிடப்பட்டவரின் வேலைத்திறன் விளக்கிய பங்கு அதைவிட மிகக் குறைவு. அதாவது மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தால் அதில் ரெப்பைவிட மேனேஜர்தான் அதிகம் தெரிவார்.

நீதிமன்றம் வரை போனது

இதெல்லாம் அலுவலகப் புறம்பேச்சு, தோற்றவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடுவது வழக்கம். அப்படித் தள்ள முடியாமல் போன வழக்கு ஒன்று உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் அமெரிக்க விற்பனைப் பிரிவில் வேலை செய்த பெண்கள் 2004ல் தொடுத்தது. சம்பளம், பதவி உயர்வு, கர்ப்ப காலத்தில் நடத்தப்பட்ட விதம் ஆகிய மூன்றிலும் பாகுபாடு என்று குற்றம் சாட்டினார்கள். சுமார் 5,600 பெண்களின் சார்பில் வழக்கு நடந்தது. 2010 மே மாதம் நியூயார்க் ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, தண்டனைத் தொகையாக மட்டும் 250 மில்லியன் டாலர் விதித்தது. அதே வருடம் ஜூலையில் 175 மில்லியன் டாலர் வரையிலான சமரசத்தில் வழக்கு முடிந்தது. அந்தத் தொகையில் ஒரு பகுதி நிறுவனத்தின் நடைமுறைகளைத் திருத்துவதற்காகவே ஒதுக்கப்பட்டது.

இந்த வழக்கில் மேனேஜர்களின் தனிப்பட்ட கீழ்த்தரமான பேச்சுகள் செய்திகளில் பெரிதாக வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேனேஜரின் விருப்பப்படி போடப்படும் மதிப்பெண்ணில்தான் சம்பள உயர்வும் பதவி உயர்வும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மேனேஜரின் மனச்சாய்வு ஒருவரைப் பாதிக்கும். ஆயிரக்கணக்கான பேரின் சம்பளத் தாளில் அது ஒரே திசையில் தெரிந்தால், அதற்கு வழிவிட்ட ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்றாக விற்பவர் நன்றாக நடத்துவாரா

சரி, இப்படிப்பட்டவர்கள் மேனேஜர் ஆவது எப்படி? பெரும்பாலும் நன்றாக விற்றதால்.

2019ல் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 131 நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றிய தகவல்களை அலசி வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் அதிகம் விற்றவரையே மேனேஜராக்குகின்றன. ஆனால் அப்படி ஆக்கப்பட்ட நட்சத்திர விற்பனையாளர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை முன்பைவிட இறங்கியிருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து விற்று, பலனைப் பங்கிட்டுப் பழகியவர்கள்தான் நல்ல மேனேஜர்களாக அமைந்தார்கள். பதவி உயர்வு தரும்போது நிறுவனங்கள் அந்த அனுபவத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்கவில்லை.

மருந்து விற்பனையில் இது இரட்டிப்பாக வேலை செய்கிறது. நன்றாக விற்றவர் என்ற பட்டமே, மேலே பார்த்தபடி, நல்ல டெரிட்டரி கிடைத்ததால் வந்ததாக இருக்கலாம். அதாவது பழைய மேனேஜரின் செல்லப்பிள்ளை புது மேனேஜர் ஆகிறார். தன் வெற்றி முழுக்கத் தன் உழைப்பு என்று அவர் மனதார நம்புகிறார். எனவே கீழே தடுமாறுகிறவரைப் பார்த்தால் சோம்பேறி என்றுதான் தோன்றும்.

கையில் ஆறு ஏழு பேர், தலையில் ஒரு டார்கெட். வேகமான வழி, எப்படியும் ஓடுகிற குதிரைக்கு இன்னும் கொள்ளு வைப்பது. பலவீனமான ரெப்பைத் தூக்கி நிறுத்த ஒரு வருடம் ஆகும், மேனேஜருக்குக் கொடுக்கப்படுவது மூன்று மாதம். மனிதவளத் துறை தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. ரெப்கள் தனித்தனியாக வெயிலில் அலைபவர்கள். பக்கத்து மேஜையில் யாரும் இல்லை, உன் டார்கெட் எவ்வளவு, எந்த அடிப்படையில் வைத்தார்கள் என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பே குறைவு. சந்திப்பது கூட்டங்களில், அங்கே மேடையில் மேனேஜர்.

மேலே இருப்பவர்களுக்கும் எண் வந்தால் போதும் என்று ஆகிவிடும்போது என்ன நடக்கும் என்பதற்கும் பதிவுகள் உண்டு. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனம் 2000, 2001 ஆண்டுகளில் தேவைக்கு மேல் மொத்த வியாபாரிகளிடம் சரக்கைத் தள்ளி விற்பனைக் கணக்கை ஊதிக் காட்டியது என்ற குற்றச்சாட்டில், 2004ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு 150 மில்லியன் டாலர் கட்டியது. ஸ்டாக்கிஸ்டின் கிடங்கில் மாதக் கடைசியில் சரக்கைத் தள்ளுவது என்று ரெப்கள் சொல்வதன் பிரம்மாண்ட வடிவம் அது. அடுத்த மாதம் திரும்பி வரும் என்று தெரிந்தே தள்ளச் சொல்லும் மேனேஜரிடம் முடியாது என்று சொல்கிறவர், அன்றோடு டீம் ஸ்பிரிட் இல்லாதவர் ஆகிறார்.

பர்டியூ ஃபார்மாவில் 2001ல் ஒரு ரெப்பின் சராசரி சம்பளம் 55,000 டாலர், சராசரி போனஸ் 71,500. போனஸ் 15,000லிருந்து கிட்டத்தட்ட 2,40,000 வரை போனது. பதினாறு மடங்கு வித்தியாசம். ஒரு ரெப் இன்னொருவரைவிடப் பதினாறு மடங்கு திறமைசாலி என்று நான் நம்பத் தயாரில்லை. அதிகம் எழுதும் டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தகவல் தளத்தை வைத்துத் தேடிப் போன நிறுவனம் அது. அப்படிப்பட்ட டாக்டர்கள் யார் எல்லைக்குள் விழுந்தார்கள் என்பதற்கும் அந்தத் தொகையில் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும். விற்றது ஆக்ஸிகான்டின் என்ற, அடிமையாக்கக்கூடிய வலி மருந்து. அதன் விளைவுகளை உலகமே பார்த்தது.

இன்சிஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் மருந்து விற்பனை அனுபவமே இல்லாத ஒருவர் பிராந்திய விற்பனை இயக்குநர் நிலைக்கு உயர்ந்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது. தகுதி ஒரு பொருட்டாக இல்லாத இடத்தில், கோடு தாண்டத் தயாராக இருப்பதே தகுதியாகிவிடுகிறது. ஃபென்டனில் என்ற கடுமையான வலி மருந்து கலந்த தன் தயாரிப்பை எழுத டாக்டர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் அதன் நிறுவனர் ஜான் கபூர் உட்பட உயர் அதிகாரிகள் 2019ல் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டார்கள். 2020ல் கபூருக்கு ஐந்தரை வருடச் சிறை விதிக்கப்பட்டது.

எதிர்த்துப் பேசியவர் கதையும் ஒன்று. ஃபைசரில் ரெப்பாக இருந்த ஜான் கோப்சின்ஸ்கி, பெக்ஸ்ட்ரா என்ற வலி மருந்தை அனுமதி இல்லாத பயன்பாடுகளுக்கும் அளவுகளுக்கும் விற்கச் சொல்வதைக் கேள்வி கேட்டார். 2003ல் வேலை போனது. 2009ல் ஃபைசர் 2.3 பில்லியன் டாலர் கட்டிச் சமரசம் செய்தது, தகவல் கொடுத்தவர் என்ற முறையில் அவருக்கு 51.5 மில்லியன் கிடைத்தது. நடுவில் ஆறு வருடம். அதே மருந்து தொடர்பான வழக்குகளில் ஒரு பிராந்திய மேனேஜர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இன்னொரு விற்பனை மேனேஜர் ஆவணங்களைத் திருத்தி விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். லாட்டரி போன்ற அந்தத் தொகையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பேசி வேலை இழந்த பெரும்பாலானவர்களுக்கு வேலை மட்டும்தான் போகிறது.

எண்ணை எடுத்துவிட்டால்?

கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஒரு பரிசோதனை செய்து பார்த்தது. முதலில் அமெரிக்காவில் 2011 முதல், பிறகு 2013ல் அறிவித்து 2015க்குள் உலகம் முழுவதும், ரெப்புக்குத் தனிநபர் விற்பனை டார்கெட் கிடையாது என்றது. மருந்தைப் பற்றிய அறிவு, டாக்டருக்குத் தரும் சேவையின் தரம் இவற்றை வைத்து மதிப்பீடு. நோக்கம் நல்லது. 2012ல் முறைகேடான விற்பனை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக 3 பில்லியன் டாலர் கட்டிய நிறுவனம் வேறு என்னதான் செய்யும். ஆனால் 2019ல் சில நாடுகளில், சிறப்பு மருந்துகளை விற்கும் ரெப்களுக்கு விற்பனையோடு சேர்ந்த ஊதியம் திரும்பி வந்தது. நல்ல ஆட்களைப் போட்டி நிறுவனங்களிடம் இழக்கக்கூடாது என்பது ஒரு காரணம்.

நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் விற்பனை எண்ணை எடுத்தது சரி என்றே எனக்குப் படுகிறது. பாரபட்சத்தின் பக்கமிருந்து பார்த்தால் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எண் போனால் மீதி இருப்பது அபிப்பிராயம். அறிவு, சேவை, அணுகுமுறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட யாராவது வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் சோதித்தால் பரவாயில்லை, அதே மேனேஜர் போட்டால் முன்பைவிட மோசம். முன்பு வேண்டாதவருக்குக் குறைந்தபட்சம் 17.5 சதவீத வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஒரு எண்ணாவது இருந்தது.

மேனேஜர் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. புது ரெப்புக்கு அதிக நேரம் தேவை, கடினமான மருத்துவமனைக்கு அனுபவசாலி தேவை. வித்தியாசம் காட்டுவது மேனேஜரின் வேலை. அந்த வித்தியாசத்துக்கான காரணம் வருடத் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டதா, அல்லது முடிவு வந்தபின் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதா என்று பார்த்தால் பாதி குட்டு வெளிப்பட்டுவிடும். டெரிட்டரியில் எத்தனை டாக்டர்கள், எத்தனை நோயாளிகள், சந்தை எவ்வளவு என்பதிலிருந்து டார்கெட் வைத்து, அந்தக் கணக்கை டீம் முழுவதுக்கும் காட்டுவது ஒன்றும் கடினமான வேலை இல்லை. கையில் எக்செல் இருக்கிறது. ஸ்டாக்கிஸ்ட் கணக்கை இரண்டு ரெப்களுக்குப் பிரிக்கும் விகிதத்தை வருடத்துக்கு ஒரு முறை எழுதி வைத்துவிட்டு நடுவில் மாற்றாமல் இருப்பதும் அப்படித்தான். மேனேஜரின் இன்சென்டிவ் டீம் மொத்தத்தோடு நிற்காமல் எத்தனை ரெப்கள் இலக்கைத் தொட்டார்கள் என்பதையும் பார்த்தால், 108 பெட்டியை ஒருவர் தலையில் வைக்கும் முன் அவர் ஒரு நொடி யோசிப்பார்.

மேனேஜர் மாறும்போது நடப்பதைக் கவனிப்பது இன்னொரு சோதனை. அதே ரெப்கள், அதே மருந்துகள், அதே டாக்டர்கள். இரண்டு காலாண்டுக்குள் தரவரிசை அடியோடு புரண்டால், பழைய பட்டியல் இத்தனை நாள் எதை அளந்துகொண்டிருந்தது என்று மேலே உள்ளவர்கள் கேட்கலாம். ஆனால் புது மேனேஜர் வந்ததும் பல நேரம் செய்கிற முதல் வேலை டெரிட்டரிகளைத் திருத்திப் பிரிப்பது. அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.